கொல்லிமலைக்கு மறுபடியும் போயிட்டு வந்தேன் கலா

கலா, எப்படிடி இருக்க? மாமாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு அண்ணி சொன்னாங்க, சந்தோஷம். போன்ல பேசலாம்னுதான் நெனச்சேன், ஆனா இத அவசரத்துல சொல்ல மனசு வரல, அதான் உக்காந்து எழுதறேன்.

போன வாரம் கொல்லிமலை போயிருந்தேன். நாம ரெண்டு பேரும் 98ல அங்க வேலை பாத்தப்புறம் இப்பத்தான் போறேன். சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி அடிவாரத்துல பஸ் ஏறும்போதே நீ முதல் நாள் வாந்தி எடுத்தது ஞாபகம் வந்துச்சு. அதே எழுபது வளைவு. சோளக்காட்டுல எறங்குனதும் பலாப்பழ வாசனை அப்படியே மூக்குல ஏறுது.

நாம வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி இன்னும் இருக்காங்கடி! கண்ணு சரியா தெரியல, ஆனா குரல வச்சே என்னைக் கண்டுபிடிச்சிட்டாங்க, "அந்த ஒல்லிப் புள்ள வரலியா"ன்னு உன்னைக் கேட்டாங்க. வீட்டச் சுத்தி அதே தோட்டம். உயரத்துல பலாவும் சில்வர் ஓக்கும், அது மேல மிளகுக் கொடி, நிழல்ல காப்பி, நடுநடுவுல வாழை, ஓரத்துல அன்னாசி. அப்போ எனக்கு அது ஏதோ காடு மாதிரி தாறுமாறா தெரிஞ்சுது. இந்த தடவ பாட்டியோட பேத்தி கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போயி ஒவ்வொண்ணா சொன்னா, பலா எதுக்கு அங்க, வாழை எதுக்கு பள்ளத்துப் பக்கம், எந்த மரத்துல எவ்வளவு கிளை கழிச்சா காப்பிக்கு வெயில் சரியா இருக்கும்னு. விழுற இலையக் கூட்டவே மாட்டாங்களாம், அதுதான் எருன்னு சொன்னா. மிளகு விலை எறங்குனா காப்பி இருக்கு, காப்பி காய்க்கலேன்னா பலா இருக்கு. பக்கத்துலயே கோயில் காடு, செருப்பக் கழட்டிட்டுத்தான் போகணும், ஒரு குச்சி கூட ஒடிக்கக் கூடாது, அதுக்குக் கீழதான் அவங்க ஊத்து இருக்கு.

ஆனா நான் எழுத வந்தது சாமையப் பத்தி. ஞாபகம் இருக்கா, மேட்டுக்காடு பூரா சாமை, தினை, கேழ்வரகு, அதுக்குள்ளயே கடுகும் துவரையும் கலந்து நிக்கும். மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமைன்னு பாட்டி பேர் சொல்லுவாங்க, நாம எல்லாம் ஒண்ணுதானேன்னு சிரிப்போம். ஒண்ணு இல்லடி. ஒண்ணு சீக்கிரம் வெளையும், இன்னொண்ணு மெதுவா வரும், ஒரு மழை ஏமாத்துனாலும் ஏதோ ஒண்ணு வீட்டுக்கு வந்துடும். அறுப்புக்கு முன்னாடியே பாட்டி காட்டுக்குள்ள நடந்து நல்ல கதிரா பாத்து தனியா அறுத்து வச்சுக்குவாங்களாம், அத நொச்சி இலை போட்டு, தானியம் சேத்து வைக்கிற தொம்பையில கட்டி வச்சா அடுத்த வருஷத்துக்கு விதை. எந்தக் கதிர்னு தெரிஞ்சது அந்த வீட்டுல அவங்களுக்கு மட்டும்தான்.

இப்போ அந்த மேட்டுக்காட்டுல பாதிக்கு மேல மரவள்ளி. சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போற கிழங்கு, நட்டா கையில காசு. கூடவே ரேஷன் அரிசி, 2008ல கிலோ ஒரு ரூபாய், 2011ல இருந்து இலவசம். இதப் பாத்ததும் எனக்கு கோவம் வந்துச்சு, இவங்க ஏன் விட்டாங்கன்னு. பாட்டிகிட்டயே கேட்டுட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லாம உள்ளங்கைய நீட்டி என் கையில வச்சாங்க கலா. காய்ப்பு. இன்னும் அப்படியே இருக்கு. சாமைக்கு உமி லேசுல போகாது, உரல்ல போட்டு குத்தணும், முறத்துல புடைக்கணும், மறுபடி குத்தணும், ஒரு வேளைச் சோத்துக்கு காலையில இருட்டோட எழுந்து அவங்களும் மருமகளும் மாத்தி மாத்தி குத்துவாங்க. நாம தூக்கத்துல கேப்போமே அந்த தொம்முனு சத்தம், அதுதான். "எம் மக இத செய்ய வேணாம்னு நெனச்சேன்"னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கல.

நாமெல்லாம் சிறுதானியம் நல்லதுன்னு பேசறோம், 2023ல உலகமே சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடுச்சு. அந்தக் கைய யாரு பேசுனா? விதை போனது அறியாமையால இல்லடி, உடம்பு தாங்காததால. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க தொண்ணூறுகள்ல இருந்தே வேலை செஞ்சு, விதை வங்கி வைக்கவும் ஊருக்குள்ளயே அரவை மில்லு வைக்கவும் உதவி பண்ணிருக்காங்க, அந்த மில்லுதான் பெரிய விஷயம்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது. பேத்தி இப்போ மில்லுல குடுத்துதான் அரிசியாக்குறா, அதனாலதான் ரெண்டு வருஷமா மரவள்ளிக்குப் பக்கத்துல ஒரு துண்டு நிலத்துல மறுபடி கட்டவெட்டி போட்டிருக்கா. விதை சொந்தக்காரங்க வீட்டுல இருந்து ஒரு படி வாங்கினதாம். மல்லியச் சாமை விதை எங்கயும் கெடைக்கலியாம், கேட்டுட்டே இருக்கா.

எனக்கு கவலை இன்னொண்ணு, நல்ல கதிர் எதுன்னு பாக்கிற கண்ணு. பாட்டிக்கு இப்போ பார்வை மங்கிடுச்சு. ஆனா அறுப்புக்கு முன்னாடி பேத்தி அவங்கள காட்டுக்கு கூட்டிட்டுப் போவாளாம், கதிரக் கையில குடுத்தா தடவிப் பாத்தே "இது வை, இது வேணாம்"னு சொல்லிடுவாங்களாம்.

அரைக் கிலோ சாமை அரிசி குடுத்தனுப்பினாங்க, உனக்கும் பங்கு இருக்கு. சித்திரை மழைக்கு அப்புறம் விதைப்பாங்க, ஐப்பசி வாக்குல கதிர் எடுப்பாங்கன்னு பேத்தி சொன்னா, அப்போ ரெண்டு நாள் லீவு போடு, பாட்டி இருக்கும்போதே போயி நாமளும் பக்கத்துல நின்னு கத்துக்கலாம். வாந்திக்கு எலுமிச்சம்பழம் நான் எடுத்துட்டு வரேன்.

உன்
சுமதி