கிங்ஸ்ரன் படகுப் பயணத்துக்கு நாள் குறிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

போன கிழமை உங்கள் கோடைப் பக்கத்தில் வந்த படகுப் பயணக் கட்டுரையைப் படித்தேன். ரொறன்ரோவிலிருந்து ஒன்ராறியோ ஏரி வழியாகக் கிங்ஸ்ரன் போய் வரலாம், ஒரு நீண்ட வார இறுதி போதும், வெள்ளி பின்னேரம் வெளிக்கிட்டால் திங்கள் இரவு வீடு என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். அந்த உற்சாகம் எனக்குப் பிடித்தது. எங்கள் சனம் பூங்காவும் பார்பிகியூவும் தாண்டித் தண்ணீரில் இறங்குவது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் திட்டத்தை அப்படியே நம்பி யாராவது பிள்ளை குட்டியோடு வெளிக்கிட்டுவிட்டால் என்ற யோசனை வந்ததும் பேனையை எடுத்தேன். ஒரு சின்னப் பாய்ப்படகை வைத்துக்கொண்டு இந்த வடகரையில் பல கோடைகளாக அலைகிறவன் நான். கடிதம் கொஞ்சம் நீளும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கரையை ஒட்டிப் போனாலும் கிங்ஸ்ரனுக்கு 260 கிலோமீற்றர் அளவில் வரும். சாதாரணக் குடும்பப் பாய்ப்படகு 5 நொட் வேகத்தில் போகும், அதாவது மணிக்கு 9 கிலோமீற்றரும் சொச்சமும். அப்படியென்றால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 28 மணித்தியாலம், போய்வர 56. வெள்ளி பின்னேரத்திலிருந்து திங்கள் இரவு வரைக்கும் மொத்தமாக இருப்பதே எழுபத்தைந்து மணித்தியாலம்தான். நித்திரை எப்போது, சாப்பாடு எப்போது, கிங்ஸ்ரனைப் பார்ப்பது எப்போது? மோட்டார்ப் படகு என்றால் நாலு மடங்கு வேகம் போகுமே என்பீர்கள். சரி, ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தால் போகும். ஒரு மீற்றர் அலை எழும்பினால் அந்த வேகத்தில் ஓட்ட இடுப்பெலும்பு இடம் கொடாது, பாய்ப்படகுக்காரனோடு சேர்ந்து ஊர வேண்டியதுதான். பெற்றோலும் கரையும். தாங்கியில் மூன்றிலொன்று போக, மூன்றிலொன்று வர, மிச்சம் மூன்றிலொன்றைத் தொடவே கூடாது என்பது இங்கே மோட்டார்ப் படகுக்காரர் கைக்கொள்ளும் வழக்கம்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் காற்று, அதைப் பற்றித்தான் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

கோடையில் இந்த ஏரியில் பெரும்பாலும் அடிப்பது மேற்கு, தென்மேற்குக் காற்று, எங்கள் ஊர்க் கணக்கில் கச்சான். ஏரியோ மேற்குக் கிழக்காக 311 கிலோமீற்றர் நீட்டிக்கிடக்கிறது. ரொறன்ரோ மேற்கு முனைப் பக்கம் இருப்பதால் கச்சான் அடிக்கும்போது ஸ்காபரோவின் புளவர்ஸ் பார்க் கரையில் நின்று பார்ப்பவருக்கு ஏரி சாதுவாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் காற்று தண்ணீரைத் தள்ளி அலை கட்ட இன்னும் தூரம் கிடைக்கவில்லை. அதே காற்று கிழக்கே போகப் போக அலையை வளர்த்துக்கொண்டே போகும், கோபேர்க் போகும்போது நீங்கள் காலையில் பார்த்த ஏரி அது அல்ல. ஆனாலும் முதுகுக்குப் பின்னாலிருந்து அடிக்கிற காற்றுத்தானே, போகிற பயணம் சுகமாகத்தான் இருக்கும், பாயை விரித்துவிட்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு போகலாம். வினை இருப்பது திரும்பி வரும்போது. அதே காற்று, அதே அலை, இப்போது முகத்துக்கு நேரே. எங்கள் கடலில் அலை நீளமாக வந்து வள்ளத்தைத் தூக்கி இறக்கும். இங்கே குட்டையாக, செங்குத்தாக, நெருக்கி நெருக்கி வரும், படகின் அணியம், அதாவது முன்பக்கம், ஒன்றிலிருந்து இறங்கி முடிய முன்னமே அடுத்ததில் போய்க் குத்தும்.

இதைச் சொன்னால் நாங்கள் கடலோடிப் பரம்பரை என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களும் உண்டு. உண்மைதான், வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பரம்பரைக்காரர் காற்றுப் பார்த்துத்தான் பாய் விரித்தார்கள், விடுமுறை நாள் பார்த்து விரிக்கவில்லை.

நாள் குறிக்காமல் எப்படித் திட்டம் போடுவது என்று கேட்கலாம். துறைமுகத்தைக் குறியுங்கள். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே போனால் ஸ்காபரோ புளவ்ஸ் மண்மலை பதினைந்து கிலோமீற்றர் அளவுக்கு நீளும், அதன் அடிவாரத்தில் புளவர்ஸ் பார்க்கை விட்டால் ஒதுங்க இடமில்லை. பிறகு பிக்கரிங் அணுமின் நிலையத்துக்குச் சற்று முன்னமே பிரெஞ்ச்மன்ஸ் பே என்ற குடா. அதன் வாய் ஒடுக்கம், அலை நேரே அடிக்கிற நாளில் அந்த வாயால் நுழைய நினைக்கக் கூடாது. அடுத்து விற்பி, நல்ல துறை, முதல் இரவுக்கு அதுதான் தோது. விற்பிக்குப் பிறகு கோபேர்க் வரை அறுபது கிலோமீற்றர் அளவு. நடுவில் போர்ட் ஹோப் என்று வரைபடத்தில் அழகாக ஒரு துறைமுகம் இருக்கும், ஆனால் அங்கே பழைய கதிரியக்கக் கழிவு படிந்த சேற்றை அள்ளுவதற்காகத் துறையைப் பல ஆண்டுகளாகப் படகுகளுக்கு மூடிவைத்திருந்தார்கள். வரைபடத்தில் இருக்கிறது என்பதற்காகத் துறை திறந்திருக்கும் என்று இல்லை, போக முன் ஒவ்வொரு மரீனாவுக்கும் போன் எடுத்துத் தண்ணீர் எவ்வளவு ஆழம், இடம் இருக்கிறதா, பெற்றோல் நிலையம் எத்தனை மணிக்குப் பூட்டும் என்று கேளுங்கள். ஏரியின் நீர்மட்டமே வருஷத்துக்கு வருஷம் மாறும். 2017இலும் 2019இலும் ரொறன்ரோத் தீவுகள் வெள்ளத்தில் கிடந்ததை எல்லாரும் பார்த்தோமே.

கோபேர்க்கிலிருந்து பிரெஸ்க்கீல் குடாவுக்கு இன்னும் நாற்பது. இந்தத் துண்டுதான் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்குவது. நடுவில் நம்பி ஒதுங்கத் துறை கிடையாது, போய்ச் சேருகிற முனையிலோ மண்திட்டுகள், மிதவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணித்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே போய்விட்டால் பிறகு சொர்க்கம். 1889இல் திறந்த மறே கால்வாய் அங்கே தொடங்குகிறது. எட்டுக் கிலோமீற்றர், படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டு எதுவும் இல்லை, பக்கவாட்டில் திரும்பி வழிவிடும் பாலங்கள் மட்டும்தான், காத்திருந்தால் திறந்துவிடுவார்கள். அதனால் ஏரிக்குள் துருத்தி நிற்கிற பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டியைச் சுற்றித் திறந்த ஏரியில் போகிற அபாயம் இல்லை. கால்வாய் தாண்டினால் குயின்ரி குடா, இசட் எழுத்து மாதிரி மடிந்து மடிந்து, ட்ரென்ரன், பெல்வில், பிக்ரன் என்று கிங்ஸ்ரன் பக்கம் கொண்டுபோய் விடும். இங்கே பெரிய அலை இல்லை, நினைத்த இடத்தில் நங்கூரம் போடலாம், பிள்ளைகள் குதித்துக் குளிக்கலாம். கட்டுரையாளர் படத்தோடு வர்ணித்திருந்த அந்த அமைதியான தண்ணீர் எல்லாம் இந்தப் பக்கத்துச் சங்கதிதான்.

பிரெஸ்க்கீல் என்றதும் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. 1804 அக்டோபரில், ரொறன்ரோவுக்கு யோர்க் என்று பெயர் இருந்த காலம், பிரெஸ்க்கீலில் ஒரு கொலை வழக்கு விசாரிக்க நாள் குறித்தார்கள். நீதிபதி, அரச வழக்கறிஞர், ஒஜிப்வே என்ற பூர்வகுடி இனத்தவரான குற்றஞ்சாட்டப்பட்டவர் எல்லாரையும் ஸ்பீடி என்ற அரச பாய்க்கப்பலில் ஏற்றினார்கள். பச்சை மரத்தில் கட்டின கப்பல், ஆறு வருஷத்திலேயே உளுத்துவிட்டது. காலநிலையும் சரியில்லை, கப்பலும் சரியில்லை என்று கப்டன் தோமஸ் பக்ஸ்ரன் தயங்கினார். லெப்டினன்ட் கவர்னர் பீற்றர் ஹன்ரரோ வழக்கு குறித்த நாளில் நடக்கத்தான் வேண்டும் என்று அனுப்பிவைத்தார். வடகிழக்குப் புயலில் பிரெஸ்க்கீல் முனைக்குக் கிட்டப் போய்க் கப்பல் காணாமல் போனது, ஒருவரும் மிஞ்சவில்லை. ஒஷாவாவில் ஏறவேண்டிய சாட்சிகள் இரண்டு பேர் அந்தக் கப்பலில் ஏற மாட்டோம் என்று கரையோரமாகக் கனூவில் வந்து சேர்ந்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இரு நூற்றாண்டு கழிந்தும் நாங்கள் அதே வேலையைத்தான் செய்கிறோம், கவர்னருடைய இடத்தில் இப்போது கலண்டர் இருக்கிறது.

பழங்கதை வேண்டாம் என்றால் 2022 மே 21ஐ எடுங்கள், விக்டோரியா டே வார இறுதிச் சனிக்கிழமை. எல்லாருடைய போனும் புயல் எச்சரிக்கையோடு ஒரே நேரத்தில் அலறிய அந்த மத்தியானம் கிச்சினரில் காற்று மணிக்கு 132 கிலோமீற்றர், ரொறன்ரோ விமான நிலையத்தில் 120. அந்த நேரம் ஏரி நடுவில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மே மாதத்து ஏரித் தண்ணீரோ ஐஸ் உருகின குளிர் விட்டிராது. அதில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தத்தான் போராட்டம், அடுத்த பத்து நிமிடம்தான் கை கால் சொல்வழி கேட்கும், அறிவு மயங்க ஒரு மணித்தியாலம் என்று மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொல்லிக்கொடுக்கிற கணக்கு. ஜூலையிலும் முழுக்க நம்ப முடியாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கச்சான் அடித்தால் மேலே கிடக்கிற சூட்டுத் தண்ணீரை நடு ஏரிக்குத் தள்ளிவிட்டுக் கீழேயிருந்து குளிர் தண்ணீர் வடகரைக்கு ஏறிவரும், நேற்றுக் குளித்த இடத்தில் இன்றைக்குக் கால் வைக்க ஏலாது. உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குக் கீழே கட்டிவைக்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். படகில் இருந்தால் சட்டத்துக்குப் போதும், ஆனால் தண்ணீருக்குள் விழுந்த பிறகு அதை மாட்டிக்கொள்ளப் பத்து நிமிடக் கையை நம்பியா இருப்பது?

போன கோடையில் கோபேர்க் துறைக்குள் காற்றுக்குப் பயந்து ஒரு வரிசைப் படகுகள் கட்டிக் கிடந்தன. கொடிக்கயிறுகள் பாய்மரத்தில் அடித்து ராத்திரி முழுக்கச் சத்தம். நாங்கள் படகுக்குள்ளே சீட்டில் 304 விளையாடிக்கொண்டிருந்தோம். ஞாயிறு விடியப் பக்கத்துப் படகுக்காரர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட, கயிற்றை அவிழ்த்தார். திங்கள் காலை வேலை, லீவு கேட்க முடியாது என்றார். அலைதாங்கிச் சுவரில் நின்று பார்த்தோம், வெளிச்சவீட்டைத் தாண்டினதும் படகின் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, பிறகு தண்ணீருக்குள் போனது, சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்கே அந்த அடி கேட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். மனைவி ஒன்றும் பேசாமல் பிள்ளைகளின் உடுப்பைக் கழுவிக் கம்பியில் காயப்போட்டார். பின்னேரம் அந்தக் குடும்பம் படகைத் துறையிலேயே விட்டுவிட்டு நடந்து போய் ரயில் ஏறியது.

அதுதான் விஷயம். வடகரை முழுக்க ரயில் பாதை கூடவே வருகிறது. கோபேர்க், பெல்வில், கிங்ஸ்ரன் எல்லாவற்றிலும் வியா ரயில் நிற்கும், விற்பியில் கோ ரயில் இருக்கிறது. படகை ஒரு கிழமைக்கு மரீனாவில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், அடுத்த வெள்ளி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். துறைக் கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இப்படித் துண்டு துண்டாகப் போனால் கிங்ஸ்ரன் போய்வர மூன்று நாலு வார இறுதி பிடிக்கும், ஆனால் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அமெரிக்கக் கரைக்குப் போகலாம் என்றும் கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. ஏரி நடுவே எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ரொச்செஸ்ரரிலோ ஒஸ்வீகோவிலோ கயிறு கட்டினால் அமெரிக்க எல்லைக் காவலுக்கு அறிவிக்கவேண்டும், திரும்பி வந்து இங்கேயும் அறிவிக்கவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு கனடா நிரந்தர வதிவிட பீஆர் காட் மட்டும் வைத்திருக்கிற மாமா மாமி படகில் இருந்தால் அவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். காற்று மோசமானால் எதிர்க்கரைக்கு ஒதுங்கலாம் என்று திட்டம் வைக்கிறவர்கள் இதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

படகோட்டுநர் அட்டை, வானொலிச் சான்றிதழ், அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை எல்லாம் கட்டுரையாளர் எழுதிவிட்டார், நான் திரும்பச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு, எத்தனை பேர், படகு என்ன நிறம், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேடச் சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கரையில் இருக்கிற ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த ஒருவர் பதறாதவராக, ஆனால் மறக்காதவராக இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் அது என் மச்சாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. ஒவ்வொரு கிழமையும் காலநிலைப் பெட்டியில் எத்தனை பாகை வெயில் என்று போடுகிறீர்கள். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி போடுங்கள்: மேற்கு ஒன்ராறியோ ஏரி, கிழக்கு ஒன்ராறியோ ஏரி, காற்று எந்தத் திசை, எத்தனை நொட். என்வயர்மென்ட் கனடா நாளுக்குப் பல தடவை வெளியிடுகிற தகவல்தான். அச்சில் வரும்போது பழசாகிவிடும், ஆனால் 20 நொட்டிலிருந்து பலத்த காற்று எச்சரிக்கை, 34இலிருந்து புயற்காற்று எச்சரிக்கை என்ற இரண்டு எண்களாவது வாசகர் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். இடம் இல்லை என்றால் அந்த ராசிபலனை ஒரு அங்குலம் குறைக்கலாம்.

இப்படிக்கு,
பாய்ப்படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ