தூணுக்குள் மறையும் கொக்கி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1930இல் பர்மாவின் பெகுவில் பூமி அதிர்ந்தபோது ரங்கூனிலும், அதாவது இன்றைய யாங்கோனிலும், உயிர்கள் போயின. 2025 மார்ச் 28 அன்று மண்டலே பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்டோம். ஆனாலும் யாங்கோனில் எங்கள் தெருவில் எழும் அடுக்குமாடியைப் பார்த்து நெஞ்சு பதறுகிறது. தூண்கம்பிகளைச் சுற்றிய வளையங்களின் நுனிக் கொக்கியை வெறும் 90 பாகைக்கு மடக்கியிருக்கிறார்கள். 135 பாகைக்கு உள்நோக்கி மடக்கினால்தான் பிடிப்பு. இல்லையேல் குலுக்கலில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் விரிந்து, நெட்டுக்கம்பிகள் பிதுங்கிவிடும். லிஃப்ட் கூட்டுக்கோ வெறும் செங்கல் சுவர்! பக்கவாட்டு அசைவைத் தாங்கும் முதுகெலும்பாக அங்கே கான்கிரீட் சுவரல்லவா நிற்க வேண்டும்? கான்கிரீட் ஊற்றிவிட்டால் கொக்கியை யாரும் பார்க்க முடியாது. ஊற்றுவதற்கு முன்பே பொறியாளர் ஒவ்வொரு மாடியையும் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
யாங்கோன் வாசகர்