ரேக்வாசாவுக்கு எந்த ஆறு?

அன்புள்ள வசந்தி,

ரேக்வாசாவை வீழ்த்த எந்த ஆறு போக்கிமானை எடுப்பது என்று கேட்டு நீ அனுப்பிய மெசேஜை அன்றைக்கே பார்த்துவிட்டேன். இரண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை, அதுதான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கர் பிடித்து நடக்கிறார். பிசியோதெரபி பெண்ணோடு தினமும் ஒரு வாக்குவாதம் உண்டு, அதில் ஜெயிப்பது அம்மாதான். பையன் ப்ளஸ் டூ வந்ததும் 'போக்கிமான் கோ' ஃபோன் கேமை விட்டுவிட்டான். நான் விடவில்லை. வீட்டில் இதற்குக் கிடைக்கும் பேச்சு உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரேக்வாசா ரெய்டுக்கு, அதாவது பல பேர் சேர்ந்து அதை அடிக்கும் சண்டைக்கு, நீ எடுத்து வைத்திருக்கும் ஆறையும் ஸ்க்ரீன்ஷாட்டில் பார்த்தேன். கேம் தானாகப் பொறுக்கித் தரும் அணியை அப்படியே ஏற்றுக்கொள்ளாதே, அடி தாங்கும் தடியன்களைத்தான் அது பெரும்பாலும் முன்னால் நிறுத்தும். ரேக்வாசா மாதிரி ஐந்து நட்சத்திர எதிரிக்கு 15,000 ஹெச்பி (உயிர்), நமக்குக் கிடைப்பது 300 விநாடி. எல்லோரும் சேர்ந்து விநாடிக்கு 50 அடித்தாக வேண்டும். செத்துப்போனால் ரிவைவ் கொடுத்து மறுபடி உள்ளே வரலாம், போன நேரம் திரும்பாது. அதனால் தாங்குகிறவனை விட அடிக்கிறவன்தான் நமக்கு வேண்டும்.

ரேக்வாசா டிராகன், ஃப்ளையிங் என்ற இரண்டு வகையும் சேர்ந்தது. இரண்டுக்குமே ஐஸ் ஆகாது, அதனால் ஐஸ் வகை மூவ் (தாக்குதல்) பட்டால் அடி 2.56 மடங்கு. உன் டிராகனைட் டிராகன் மூவால் அடித்தால் 1.6 மடங்குதான், அதுவும் ரேக்வாசா அவுட்ரேஜ் என்ற டிராகன் மூவை விட்டால் திருப்பி வாங்கிக் கட்டிக்கொள்ளும். அதை வெளியே எடுத்துவிடு.

ஐஸ் வகை மாமோஸ்வைனைச் சேர்த்திருக்கிறாய், ரொம்ப சரி. ஆனால் அதைத் தொட்டு மூவ் என்ன என்று பார்த்தாயா? மட் ஸ்லாப் இருக்கிறதடி! அது கிரவுண்ட் மூவ். பறக்கிறவன் மேல் சேற்றை வீசினால் 0.39 மடங்குதான் விழும். அதே மாமோஸ்வைன், அதே சிபி (பலத்தைக் காட்டும் எண்), மூவ் மட்டும் ஐஸ் வகையான பவுடர் ஸ்னோவும் அவலாஞ்சும் என்றால் நிலைமையே வேறு. சிபி எண் பெரிதாக இருப்பதில் மயங்காதே என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். மூவை மாற்றித் தரும் ஃபாஸ்ட் டிஎம் ஒன்றைச் செலவழி. பவுடர் ஸ்னோ வரும்வரை வேறு எதையும் பவர் அப் செய்யாதே.

அப்புறம் ஸ்டார்டஸ்ட், அதுதான் பவர் அப் செய்யச் செலவாகும் தூள். லெவல் 20-இலிருந்து 30-க்கு ஏற்ற 75,000 ஆகும், அடியும் 22 சதவீதம் போலக் கூடும். 30-இலிருந்து 40-க்கு அதைப் போல இரண்டு மடங்கு, 1,50,000. கூடுவது வெறும் 8 சதவீதம். ஒன்றை 30-இலிருந்து 40-க்குக் கொண்டுபோகிற ஸ்டார்டஸ்டில் இரண்டை 20-இலிருந்து 30-க்குக் கொண்டுபோகலாம். என் ஆறும் 30-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. ஐவி (பிடிக்கும்போதே அமையும் தர மதிப்பு) நூற்றுக்கு நூறு கிடைக்கவில்லை என்று புலம்பியிருந்தாயே, அதையும் விடு. மாமோஸ்வைனுக்கு ஐவியில் அட்டாக் 15 இருந்தாலும் 10 இருந்தாலும் வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. மாமோஸ்வைனாக வளரும் ஸ்வைனப்பில், ஐவி சுமாராக இருந்தாலும் டீம் ராக்கெட்டிடமிருந்து மீட்கும் ஷேடோ வகை கிடைத்தால் தூக்கி எறியாமல் வளர்த்துவிடு, ஷேடோவுக்கு அட்டாக் 20 சதவீதம் கூடுதல். அதோடு ஒட்டி வரும் ஃப்ரஸ்ட்ரேஷன் என்ற உதவாத மூவை மட்டும் டீம் ராக்கெட் ஈவென்ட் வரும்போது மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆறுக்கும் மாமோஸ்வைன் தேறாது, கடைசிக் கட்ட வளர்ச்சிக்கே ஆளுக்கு 100 கேண்டியும் ஒரு சின்னோ ஸ்டோனும் கேட்கும். மிச்ச இடத்துக்கு கிளேசியான் போதும், அதாக வளரும் ஈவி எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. வீவைல் நன்றாக அடிக்கும், ஆனால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கடைசி இடத்தில் வை. மெகா கிளேலியை, அதாவது தற்காலிகமாகப் பலம் கூட்டிய கிளேலியை, நான் கொண்டு வருகிறேன். அது களத்தில் இருக்கும்வரை உங்கள் எல்லோருடைய ஐஸ் மூவும் 30 சதவீதம் கூடும். இரண்டு பேர் மெகா இறக்கினாலும் அது ஒன்றின் மேல் ஒன்றாக ஏறாது, அதனால் நீ சும்மா இரு.

இன்னொன்று. தூரத்திலிருந்து சேரும் ரிமோட் ரெய்டில், ஜிம் (ரெய்டு நடக்கும் இடம்) இருக்கிற ஊரின் வானிலைதான் கணக்கு. நீ இருக்கும் டொராண்டோவில் பனி பெய்தால் ஐஸ் மூவுக்கு 1.2 மடங்கு. மதுரையில் நான் எந்த ஜென்மத்தில் அதைப் பார்ப்பேன்! ஆகவே இந்தத் தடவை ரெய்டு உன் ஊரில்தான். நாம் இருவரும் பரிசு அனுப்பி அனுப்பி பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆகிவிட்டதால் 10 சதவீத அடி தனியாக வரும். உன் மகளையும் சேர்த்தால் மூன்று பேர், தாராளமாகப் போதும்.

உனக்கு ஞாயிறு காலை ஒன்பது மணி என்றால் எனக்கு இரவு ஏழரை, அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்து முடித்திருப்பேன். ஸ்னோ என்று காட்டினால் உடனே இன்வைட் அனுப்பு. ரிமோட் ரெய்டு பாஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அந்த மட் ஸ்லாபை மாற்றிவிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்படி, பார்த்தால்தான் நம்புவேன்.

உன்,
கலா