ஒரு பெயரும் நாலு வரி வசனமும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய படக்குழுவினருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் உயிர் பிழைத்துத் திரும்பிய ஒரு ராணுவ அதிகாரியின் உண்மைக் கதையைப் படமாக்கப் போகிறீர்கள் என்று அறிந்தோம். நல்ல காரியம். துணை நடிகர்கள் கேட்டு நீங்கள் விடுத்த அழைப்பு இப்போது எங்கள் தோட்டத்துப் பையன்களின் கைப்பேசிகளில் சுற்றுகிறது: இந்திய ஆண்கள், ஒல்லியான உடல், முன் அனுபவம் வேண்டாம், வசனம் கிடையாது.

வசனம் கிடையாது என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பின்னணி உங்களுக்குத் தெரியும். 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம். அவர்களில் செத்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கும் என்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் கித்தா (ரப்பர்) தோட்டத்துத் தமிழர்கள். இந்த ஆசியத் தொழிலாளர்கள் கைதிகளைவிட எண்ணிக்கையிலும் அதிகம், சாவிலும் அதிகம். திரையில் மட்டும் மண்கூடை சுமந்து குறுக்கே போகிறவர்கள்.

அவர்களை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று உங்கள் திரைக்கதை ஆசிரியர் படித்திருப்பார். சில இடங்களில் கங்காணி (கூலியாட்களின் மேற்பார்வையாளர்), கிராணி (தோட்டத்துக் கணக்கர்) மூலம் ஆள் கேட்டார்கள்: நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), மூன்று மாத வேலை, குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்று. கைதியாக இருந்த ஓர் ஆங்கில மருத்துவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: வட மலாயாவிலுள்ள அலோர் ஸ்டாருக்குத்தான் போகிறீர்கள், இலேசான வேலை, நல்ல சாப்பாடு என்று சொல்லி ரயிலேற்றினார்களாம். ஏறிய பிறகு காவல். இறங்கியது சயாமில்.

இன்னொரு வழியும் இருந்தது. சினிமாக்காரர்களான உங்களுக்கு அது உறைக்க வேண்டும். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அறிவித்தார்கள். பஞ்ச காலம், ஜப்பானியர்கள் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு மதிப்பில்லாத காலம், காசில்லாமல் படம் என்றால் யார்தான் போகமாட்டார்கள்? கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டினார்கள். உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலுக்கு ஓட்டிப்போனார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, மாற்றுத் துணி கிடையாது. படம் பார்க்கப் போன மனுசன் எங்கே என்று அந்த வீட்டுப் பெண்களுக்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்? போர்ப்படம் எடுக்கிற ஒருவருக்கு இதைவிட வலுவான காட்சி எங்கே கிடைக்கும்? எந்தப் படத்திலாவது இது வந்திருந்தால் சொல்லுங்கள், நானே காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிறேன்.

பிறகு 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளின் முகாமில் மருந்து இல்லாவிட்டாலும் அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். எங்கள் ஆட்களின் முகாம்களில் அதைச் சொல்லக்கூட ஆளில்லை. கூட வந்த பிள்ளைகளும் சேர்ந்து செத்தார்கள். சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து கைதி மருத்துவர்கள் சிலரை அந்த முகாம்களுக்கு அனுப்பியபோது நிலைமை கைமீறியிருந்தது.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் கதாநாயகர்களே, அந்த வெள்ளைக்காரக் கைதிகளே, ஒளித்து வைத்து எழுதிய நாட்குறிப்புகளில் தமிழர்களைப் பற்றி வேதனையோடு எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தில் இருக்கிறவன் படத்தில் காணாமல் போகிறான். எழுதப் படிக்கத் தெரியாதவன் பிழைத்து வந்தால் அது உயிர் பிழைத்த கதை ஆகாதா?

உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. குவாய் நதிப் பாலத்தைப் பற்றி 1957இல் வந்த படத்தைச் சிலோனில் கித்துல்கலையில் எடுத்தார்கள். ஏழு ஆஸ்கர் வாங்கியது. 2013இல் அந்தப் பாதையில் கைதியாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி எரிக் லோமாக்ஸின் வாழ்க்கை 'தி ரயில்வே மேன்' என்று வந்தது. இரண்டிலும் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு தோட்டத்துத் தமிழன் இல்லை. படம்தான் என்றில்லை, இழப்பீட்டிலும் அதே கதைதான்: 1967இல் ஜப்பான் மலேசியாவோடு போர்க்காலக் கணக்கை முடித்துக்கொண்டபோது இழப்பீடாக இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. கப்பலைத் தோட்டத்துக் குடியிருப்பான லயத்து வாசலில் நிறுத்தவா முடியும்? நம் கோலிவுட்காரர்களும் லேசுப்பட்டவர்களல்ல. தாய்லாந்து என்றால் அவர்களுக்குக் கடற்கரையும் டூயட்டும்தான். நம்மவர்கள் அந்தக் குவாய் பாலம் இருக்கிற காஞ்சனபுரிக்குப் போனாலும் பாலத்தில் நின்று ஒரு செல்ஃபி, அப்புறம் மார்க்கெட். அங்கே போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது, புல் வெட்டிப் பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு முழுப் பெயர்ப்பட்டியலே கிடையாது. 2023இல்தான் அந்த ஊரில் அவர்களுக்கென்று ஒரு நடுகல் வந்தது, எண்பது வருடம் கழித்து.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது சின்ன விஷயம்தான்.

உங்கள் அதிகாரியின் கதையை மாற்றச் சொல்லவில்லை. அவர் பட்டது பெரிய பாடு, அதைக் குறைக்க நாங்கள் யார்? பாதையில் அவருக்குப் பக்கத்தில் மண் வெட்டுகிற ஒரே ஒரு தமிழனுக்குப் பெயர் வையுங்கள். அவன் வாய் திறந்து நாலு வரி பேசட்டும், தமிழில், தோட்டத்துத் தமிழில். அந்தக் கொட்டகைக் காட்சிக்கு மூன்று நிமிடம் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. கடைசியில் இறந்தோர் எண்ணிக்கையைப் போடுவதாக இருந்தால் இரண்டு எண்ணிக்கையையும் போடுங்கள்.

பையன்கள் நடிக்க வருவார்கள், தடுக்க மாட்டோம், கூலி தேவைப்படுகிறது. வசனம் எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள். சயாமுக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் சொன்னதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது, ஆகவே படப்பிடிப்பு தொடங்கும் முன்பே வந்தால் நலம்.

பதிலை எதிர்பார்க்கும்,
தோட்டத்தில் பிறந்த ஒருவன்