கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

வெண்ட்வொர்த்வில், சிட்னி
டிசம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மாமாவும் பாப்பாவும் நானும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்ததா, அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று தனியாக ஒரு வரி அனுப்பு. நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மூன்று தடவை கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே உனக்குக் கோபம் வந்துவிடும், எனக்கும் அழுகை வந்துவிடும். அதனால்தான் நைட் டூட்டி இல்லாத இந்த ஒரு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ சொன்னது இதுதானே? அந்த ரியல் எஸ்டேட்காரர் நம் ஊர்க் கபடி டீமை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மேட் வாங்கித் தருவார், ஜெர்சி தருவார், வெளியூர்ப் போட்டிக்கு வேன் வைப்பார், பசங்களுக்கு மாதம் ஒரு தொகையும் தருவார். பதிலுக்கு டீம் அவர் பெயரில் ஆட வேண்டும், யார் ஆடுவது என்பதை அவர்தான் சொல்வார், அதற்கு ஒரு பத்திரம் எழுதி வைத்திருக்கிறார். இதற்கு நடுவில் நம் ரெய்டர் பசங்க ரெண்டு பேர் ஒட்டன்சத்திரம் டீமுக்குப் போகப்போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. கையெழுத்துப் போட்டால் அவனுங்க நிற்பானுங்க, போடாவிட்டால் டீமே கலைந்துவிடும் என்று நீ பயப்படுகிறாய். "நீ அங்க போய் ரக்பி பைத்தியமாயிட்ட, நீயே சொல்லு" என்று கேட்டாய். சரி, சொல்கிறேன். இங்கே வந்த ஆறு வருடத்தில் இதே கதையைப் பெரிய பெரிய கிளப்புகளில் பார்த்துவிட்டேன்.

முதலில் விளையாட்டு. நீ டிவியில் பார்த்திருப்பது பதினைந்து பேர் ஆடுகிற ரக்பி. சிட்னியில் தெருவெல்லாம் பேசுவது ரக்பி லீக், அதில் பதின்மூன்று பேர். பந்தை வைத்திருப்பவனை மடக்கிப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும், ஆறு தடவை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முதல் தடவை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தபோது நம் காளியம்மன் கோயில் பொட்டலில் நீங்கள் நாலு பேர் சேர்ந்து ஒருத்தனைக் கோட்டைத் தொடவிடாமல் அமுக்குவீர்களே, அதுதான் கண்முன் வந்தது. அன்றிலிருந்து விடவில்லை.

நாங்கள் இருக்கும் பகுதி முழுக்க பரமட்டா ஈல்ஸ் அணியின் ஊர். பரமட்டா என்கிற பெயரே இந்த மண்ணின் பூர்வகுடிகளான தருக் மக்கள் வைத்தது, விலாங்கு மீன் படுத்திருக்கும் இடம் என்று பொருள். அணியின் பெயரும் அதுதான், விலாங்கு. நாங்கள் வெள்ளிக்கிழமை போகிற முருகன் கோயில் மேஸ் ஹில்லில் இருக்கிறது, அங்கிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் அவர்கள் ஸ்டேடியம். முப்பதாயிரம் பேர் உட்காரலாம். 2019-இல் திறந்து அங்கே ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே 51-6 என்று ஜெயித்தார்கள். ஆனால் கோப்பை வாங்கியது கடைசியாக 1986-இல்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா இருக்கிறார், நீலமும் மஞ்சளும் போட்ட பழைய மப்ளர் அவர் கட்டில் கம்பியில் எப்போதும் கட்டியிருக்கும். 1947-இல் தொடங்கிய அணி முதல் கோப்பைக்கு 1981 வரை காத்திருந்தது. அன்று ராத்திரி சந்தோஷம் தாங்காமல் ஜனங்கள் தங்கள் சொந்த மைதானத்தின் பழைய மர கேலரிக்கே தீ வைத்துவிட்டார்கள், தாத்தா அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ. நான் மருந்து கொடுக்கப் போனால் மருந்துக்கு முன்னால் கேட்பது, "இன்றைக்கு யார் போகிறார்களாம்?"

இந்த 'யார் போகிறார்கள்' பேச்சு இங்கே வருடம் முழுக்க ஓடும். ஐபிஎல், புரோ கபடி மாதிரி ஏலம் எல்லாம் கிடையாது. ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே, நவம்பர் 1-ஆம் தேதி பிறந்தால், ஒரு வீரர் மற்ற கிளப்புகளோடு பேசலாம், கையெழுத்தும் போடலாம். அப்புறம் அந்தக் கடைசி வருடம் முழுக்கப் பழைய ஜெர்சியில் ஆட வேண்டும். அதனால் அக்டோபர் வந்தாலே புரளி பறக்கும். ஏஜென்ட் ஒரு பத்திரிகையாளரிடம் காதில் போடுவார், கிளப்பில் ஒருவர் மறுப்பார், வீரர் வாயைத் திறக்க மாட்டார், கடைசியில் விலை ஏறியிருக்கும். புரளியில் பாதி விலையேற்றத்துக்காகவே கிளப்பி விடுவது என்று நான் நம்புகிறேன். உன் டீக்கடைச் செய்தியையும் முதலில் அப்படிப் பார். அதைச் சொல்லி உன்னை அவசரப்படுத்துவதில் யாருக்கு லாபம்?

இந்த வருடம் எங்களுக்கு விழுந்த பெரிய அடி டிலன் பிரவுன். 2019-இல் பதினெட்டு வயதுப் பையனாக இந்த அணியில் இறங்கியவர், 2031 வரை ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஊரே நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே அவர் விரும்பினால் நடுவில் விலகலாம் என்று வழி வைத்து எழுதியிருந்தார்கள். மார்ச்சில் நியூகாசில் நைட்ஸ் அணி பத்து வருடத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலர் போலத் தருவதாக எடுத்துக்கொண்டது, நம் பணத்தில் எழுபத்தைந்து கோடி இருக்கும். சீசன் அப்போதுதான் தொடங்குகிறது! அடுத்த வருடம் அங்கே போகிறவர் இந்த வருடம் இங்கே ஆடினார். நீ கூட வீடியோ காலில் கேட்டாயே, "போறவன் ஏன்க்கா இன்னும் ஆடுறான்" என்று. தாத்தா அவரைத் திட்டவே இல்லை. 'பையன் குடும்பத்தைப் பார்க்கணும் இல்லையா' என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அந்தக் காயம் ஆறுவதற்குள் ஜாக் லோமாக்ஸ். நாலு வருட ஒப்பந்தத்தில் இந்த வருடம்தான் வந்தார், போன மாதம் கிளம்பிவிட்டார். ஆர்360 என்று புதிதாக ஒரு ரக்பி போட்டி, முன்னாள் இங்கிலாந்து வீரர் மைக் டிண்டால் முன்னால் நிற்கிறார், பெரும் பணம் என்று பேச்சு. அதில் சேர்கிறவர்களுக்குப் பத்து வருடம் தடை என்று இங்கே லீக் நிர்வாகமே எச்சரித்திருந்தது. இவர் பரமட்டாவிடம் விடுதலை வாங்கிய கையோடு அந்தப் போட்டியையே 2028-க்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். பரமட்டா அவரை விடும்போது ஒன்று எழுதி வாங்கியிருந்தது, 2028 சீசன் முடியும்வரை எங்கள் சம்மதமில்லாமல் இங்கே வேறு லீக் அணிக்கு ஆடக்கூடாது என்று. பிரவுனை அனுப்பியதும் ஒரு வரி, லோமாக்ஸைக் கட்டிப் போட்டதும் ஒரு வரி. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் உன்னை இவ்வளவு கேட்பது அதனால்தான்.

இனி உன் ரியல் எஸ்டேட்காரர் விஷயம். பிரவுன் போகிற அந்த நியூகாசில், சிட்னிக்கு வடக்கே நிலக்கரி ஊர். ஊர்க்காரர்களே உறுப்பினர்களாக இருந்து நடத்திய கிளப், கடன் கழுத்தை நெரித்தது. நேதன் டிங்க்லர் என்று அந்தப் பகுதி ஆள், எலக்ட்ரீஷியனாக இருந்து சுரங்கத்தில் பெரும் பணக்காரர் ஆனவர், பத்து வருடத்தில் 10 கோடி டாலர் கொண்டுவருகிறேன் என்றார். 2011 மார்ச்சில் ஓட்டெடுப்பு நடந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சரி என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நம் ஊரிலும் நாளைக்கு ஓட்டு வைத்தால் அப்படித்தான் விழும். வெய்ன் பென்னெட் என்கிற மிகப் பெரிய பயிற்சியாளரே வந்தார், 2013-இல் இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்னால் வரைக்கும் போனார்கள். அதற்குள் நிலக்கரி விலை விழுந்தது, டிங்க்லரின் சொத்தும் கரைந்தது. நல்லவேளை, விற்கும்போதே உறுப்பினர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள், அவர் வங்கி உத்தரவாதம் கொடுத்து வைக்க வேண்டும், அது இல்லாமல் போனால் கிளப் அவர் கையில் நிற்காது. 2014-இல் அவரால் அது முடியவில்லை, லீக் நிர்வாகம் வந்து கிளப்பைக் கையில் எடுத்தது. அதற்கப்புறம் 2015, 2016, 2017 என்று மூன்று வருடமும் கடைசி இடம். அந்த ஒரு தாளும் இல்லாதிருந்தால் கிளப் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

காசுள்ளவர் எல்லாருமே கெடுதல் என்றும் சொல்லமாட்டேன். சிட்னியிலேயே சௌத் சிட்னி அணி இருக்கிறது, முயல் சின்னம் போட்டவர்கள். 1999 முடிவில் அணிகளைக் குறைக்கிறோம் என்று அவர்களை லீக்கை விட்டே தூக்கிவிட்டார்கள். ஜனங்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள், உண்டியல் குலுக்கி வழக்கு நடத்தினார்கள், 2002-இல் திரும்பி வந்தார்கள். அப்படிப் போராடி மீட்ட கிளப்பை 2006-இல் நடிகர் ரஸ்ஸல் குரோவும் தொழிலதிபர் பீட்டர் ஹோம்ஸ் ஏ கோர்ட்டும் கேட்டபோது கிளப்புக்குள்ளேயே சண்டை. வழக்கை முன்னின்று நடத்திய ஜார்ஜ் பிக்கின்ஸ் கூடாது என்றார். எழுபத்தைந்து சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும், கிடைத்தது 75.8. முப்பது லட்சம் டாலருக்கு முக்கால் பங்கு அவர்களுக்கு, கால் பங்கு உறுப்பினர்களுக்கு. ஆனால் பெயர், நிறம் மாதிரி விஷயங்களில் உறுப்பினர் சம்மதம் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். 2014-இல் நாற்பத்து மூன்று வருடத்துக்கு அப்புறம் கோப்பை, அதே சிவப்பு பச்சை ஜெர்சியில். பிக்கின்ஸ் பயந்ததிலும் நியாயம் இருந்தது, விற்றதிலும் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் மாதிரி ஒருத்தர் எதிர்த்து நின்றதால்தான் எல்லாரும் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்திருப்பார்கள்.

வெளி ஆளே வேண்டாம், நாமே நடத்துவோம் என்று நீ சொன்னால் அதற்கும் எங்கள் பரமட்டாதான் உதாரணம். இது லீக்ஸ் கிளப் என்கிற உறுப்பினர் மன்றம் ஒன்றுக்குச் சொந்தம், அந்தக் கிளப் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். (என்னிடம் இருக்கும் சீசன் டிக்கெட்டுக்கு அந்த ஓட்டு கிடையாது.) கிளப்பின் பெரும் வருமானம் சூதாட்ட மெஷின்கள், அது எனக்குப் பிடிக்கவே இல்லை, சம்பள நாளில் அங்கே உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்க்க முடியவில்லை. 2009-இல் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த நிர்வாகத்தை ஒரு கோஷ்டி தோற்கடித்தது, 2013-இல் அவர்களை இன்னொரு கோஷ்டி. நம் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் மாதிரியே, சொந்தக்காரன் அண்ணன் தம்பி என்று பிரிந்து நின்றிருக்கிறார்கள். அணி 2012-இலும் 2013-இலும் கடைசி இடம். வீரர்களுக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று லீக் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டி வெளிவழியில் பணம் கொடுத்தது 2016-இல் பிடிபட்டது. பன்னிரண்டு புள்ளிகளைப் பிடுங்கினார்கள், பத்து லட்சம் டாலர் அபராதம், நிர்வாகிகள் ஐந்து பேர் வெளியே. அந்த சீசனில் பசங்க நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள், அடுத்த சுற்றுக்குப் போயிருக்க வேண்டியவர்கள். மேலே உட்கார்ந்தவர்கள் செய்ததற்கு அவர்கள் வியர்வை வீணாய்ப் போனது.

அதனால் நான் சொல்வது இதுதான். அவர் காசை வாங்கு, தப்பே இல்லை, மேட் இல்லாமல் நீங்கள் மண்ணில் முட்டியைத் தேய்த்தது போதும். ஆனால் ஊர்ப் பெயர் போகக்கூடாது. வேண்டுமானால் அவர் பெயர் ஜெர்சியின் முதுகில் இருக்கட்டும், நெஞ்சில் ஊர்ப் பெயர் இருக்கட்டும். பொட்டலில்தான் பயிற்சி என்று எழுதச் சொல். ஆட்களை எடுப்பதில் டீமை நடத்துகிற உங்கள் ஐந்து பேருக்கு ஓட்டு வேண்டும். ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே போஸ்ட் ஆபீஸில் டீம் பெயரில் போடச் சொல், போடாவிட்டால் பத்திரம் செல்லாது என்று இரு. கணக்கு நோட்டு கோயில் திருவிழாக் கணக்கு மாதிரி எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும், அது அவரானாலும் சரி நீயானாலும் சரி. போகிற ரெண்டு பேரையும் கூப்பிட்டு நேரில் கேள். போகிறோம் என்றால் கட்டிப்பிடித்து அனுப்பு, திட்டாதே, அதில் ஒருத்தன் அம்மா நம் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் பரமட்டா அதே நியூகாசிலை 66-10 என்று அடித்தது, அவர்கள் கடைசி இடத்தில் முடித்தார்கள். தாத்தாவின் சக்கர நாற்காலியை டிவிக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். ஒவ்வொரு ட்ரைக்கும் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) என் கையை இறுக்கினார், மறுநாள் காலை வரை வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று சொன்னாயே, அதற்கு முன்னால் பத்திரத்தை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு, முதுகுப் பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடு. நாளைக்கு எனக்கு நைட் டூட்டி, வீட்டுக்கு வர இங்கே காலை எட்டு ஆகும், அங்கே விடியற்காலை இரண்டரை. நீ தூங்கு. நான் படித்து எழுதி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா