சொத்தைப் பல்லும் ஓவிட் சொன்ன படகும்

அம்மாடி,

நீ வாட்ஸ்அப்ல திட்டுன திட்டுக்கு நேத்து பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன். கீழ்த்தாடைல கடவாய்ப்பல்லு, சீட்டுல டீப் கேரீஸ்னு, அதான் ஆழமான சொத்தைன்னு எழுதிருக்காரு, அதைப் பார்த்ததும் எனக்கு வலியே மறந்துபோச்சு, பாதிரியாருக்குப் படிக்கிற செமினரில நாலு வருஷம் லத்தீனோட மல்லுக்கட்டுனவன்ல, அந்த வார்த்தை நமக்குப் பழைய ஆளு.

பல் டாக்டருங்க நீங்க எல்லாம் அதைப் பல்லோட நிறுத்திட்டீங்க. லத்தீன்ல கரியேஸ்னா மரம் உளுத்துப்போறது. லார்ச் மரத்தை உளுப்பும் பூச்சியும் தொடாதுன்னு ரோமானியரு விட்ருவியஸ் கட்டடக்கலை புத்தகத்துல எழுதிருக்காரு, செல்சஸோட வைத்திய நூல்ல அதே வார்த்தை எலும்புக்கு வந்துடுது. நமக்கு மரம்னா உளுக்கும், பல்லும் கத்திரிக்காயும்னா சொத்தை.

ஆனா இந்த வார்த்தையை வச்சு விளையாடினது ரோமானியக் கவிஞர் ஓவிட்தான். வாலிபத்துல காதலிக்கு மெழுகு பூசுன மரப்பலகைல எழுதி சேதி அனுப்புறாரு, இன்னைக்கு முடியாதுன்னு பதில் வருது. கோவம் அவ மேல வரல, பலகை மேல வருது! உளுத்த கிழட்டுத்தனம் உன்னை அரிக்கட்டும், மெழுகு பூசணம் பூத்து வெளுக்கட்டும்னு சாபம் விடுறாரு. (இதெல்லாம் செமினரில சொல்லித்தரல, வெளிய வந்தப்புறம் நானா தேடிப் படிச்சது.)

அப்புறம் கி.பி. 8ல பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்துல தோமிஸுக்கு நாடு கடத்திட்டாரு, இப்போ ருமேனியால கான்ஸ்டன்ட்சாங்கற ஊரு. அங்க உக்காந்து எழுதுறாரு, ரொம்ப நாள் தண்ணி காணாத படகு மெத்துனு உளுத்து வெடிப்பு விட்டுடும், என் திறமையும் துருப்பிடிச்சு அப்படித்தான் கெடக்குன்னு. பலகைக்கு விட்ட சாபம் சுத்தி வந்து இவரு மேலயே உக்காந்துடுச்சு பாரு. அந்த மெத்துங்கறதுக்கு அவரு போட்ட வார்த்தை தெனர், இளந்தளிருக்கும் பச்சப்புள்ளைக்கும் சொல்ற வார்த்தைம்மா, அதைக் கொண்டுபோய் உளுப்புக்குப் போட்டுருக்காரு. தாத்தாவோட வள்ளம் மூணு வருஷம் மணல்ல கெடந்துச்சே, பக்கப் பலகைய விரலால அமுக்குனா ஊறுன ரொட்டி மாதிரி உள்ள போகும், வெளில பெயின்ட் மட்டும் புதுசு கணக்கா இருக்கும், அதைத் தொட்டவனுக்குத்தான் அந்த வரி வெளங்கும்.

சரி, ரூட் கெனால் பண்ணனும்ங்கறாரு, மூணு சிட்டிங் ஆகுமாம். எக்ஸ்ரேய போட்டோ புடிச்சு அனுப்பிருக்கேன், பாத்துட்டு சொல்லு. புடுங்க வேண்டி வராதுல்ல?

அப்பா