1995 ஆல்பத்துக்குப் பணம் வாங்கி 2016 ஆல்பத்தை அனுப்பியது தொடர்பான புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் நான் வாங்கிய இசைத்தட்டு பற்றி எழுதுகிறேன். போனில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புது ஆள் எடுக்கிறார், நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் இந்த முறை எழுத்தில். ஆர்டர் எண்ணையும் பில் நகலையும் இணைத்திருக்கிறேன்.

நான் கேட்டது ஹைடல்பெர்க் ராப் குழுவான அட்வான்ஸ்ட் கெமிஸ்ட்ரி 1995-இல் வெளியிட்ட ஆல்பம். தலைப்பும் குழுவின் பெயரேதான். 360 டிகிரி ரெக்கார்ட்ஸ் வெளியீடு, வினைல், பழைய பிரதி, 140 யூரோ. நீங்கள் அனுப்பியது ஹாம்பர்க்கைச் சேர்ந்த பிகின்னர் குழுவின் 2016 ஆல்பம். ஹைடல்பெர்க் முன்னோடிகளுக்கு மரியாதை செய்யும் விதமாக அவர்களும் தங்கள் ஆல்பத்துக்கு அட்வான்ஸ்ட் கெமிஸ்ட்ரி என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மன் ராப் கேட்கிறவர்களுக்கு இது தெரியும். அதை விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

பெட்டிக்குள் இருந்த சீட்டில் 1995 என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். அதே பெட்டியில் இருந்த தட்டின் பின்னட்டையில், கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் 2016 என்று இருக்கிறது. உங்கள் விற்பனைப் பக்கத்தில் "உறையின் மூலையில் லேசான மடிப்பு" என்று போட்டிருந்தீர்கள். வந்ததோ பிளாஸ்டிக் கூடப் பிரிக்காத புத்தம்புதுத் தட்டு. பெட்டியில் போட்டவர் ஒரு நிமிடம் கவனித்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

தவறு யாருக்கும் நேரலாம், சரி. அதற்காக நான் கோபப்படவில்லை. அப்புறம் உங்கள் ஊழியர் ஒருவர் பேசிய பேச்சைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "நீங்கள் கேட்டது அட்வான்ஸ்ட் கெமிஸ்ட்ரி, உங்கள் கையில் இருப்பதும் அட்வான்ஸ்ட் கெமிஸ்ட்ரி. இதில் என்ன பிரச்சினை?" என்றார். குழு வேறு, ஊர் வேறு, நடுவில் 21 வருடம் என்று பொறுமையாகச் சொன்னேன். "எல்லாம் ராப்தானே, கேட்டுப் பாருங்கள், பிடிக்கும்" என்றார். மேலாளரிடம் கொடுங்கள் என்றதும் பெருமூச்சு விட்டார், எனக்குக் கேட்கும்படியே. அப்புறம் லைனில் வெறும் இசை ஓடியது, பிறகு அதுவும் நின்றுபோனது. அந்த உரையாடலைப் பதிவு செய்வதாக ஆரம்பத்திலேயே உங்கள் இயந்திரக் குரல் சொன்னது. தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

எல்லாம் ராப்தானே என்று சொல்ல எப்படி மனம் வந்தது? அட்வான்ஸ்ட் கெமிஸ்ட்ரி 1987-இல் தொடங்கிய குழு. ஹைத்தி வேர் கொண்ட டார்ச், இத்தாலியக் குடும்பத்தில் பிறந்த டோனி எல், கானா வேர் கொண்ட லிங்குயிஸ்ட் எல்லாரும் இதே ஹைடல்பெர்க்கில் நின்று ஜெர்மன் மொழியில் ராப் பாடினார்கள். 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் லிஷ்டன்ஹாகனில் அகதிகளும் வியட்நாமியத் தொழிலாளர்களும் இருந்த கட்டடத்தைக் கூட்டம் கூடித் தாக்கினார்கள். அதே வருடம் நவம்பரில், ஜெர்மன் பாஸ்போர்ட் கையில் இருந்தும் அந்நியனாகவே பார்க்கப்படுவதைப் பற்றி இவர்கள் பாட்டு வெளியிட்டார்கள். எங்கள் குடும்பமும் வெளியிலிருந்து இங்கே குடியேறிய குடும்பம். அப்போது அண்ணனுக்கு 17 வயது. ரயில் நிலையத்தில் போலீஸ் அவரை மட்டும் நிறுத்தி அடையாள அட்டை கேட்ட காலம் அது. அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் எப்படி ஒலித்திருக்கும் என்று நான் விளக்க வேண்டுமா? அந்தக் குழு வெளியிட்ட ஒரே ஸ்டூடியோ ஆல்பம் இது. ஹைடல்பெர்க்கின் ஹிப்ஹாப் பண்பாட்டை 2023-இல் ஜெர்மனியின் மரபுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். பிகின்னர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல குழு. ஆனால் நான் காசு கொடுத்தது அவர்கள் ஆல்பத்துக்கு இல்லை.

அண்ணனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்காகத்தான் ஆர்டர் செய்தேன். அந்த நாள் போய்விட்டது. எல்லாரும் கூடியிருந்தபோது வெறுங்கையோடு நின்றேன். எங்கள் வீட்டின் ஒரு வருடத்தையே கெடுத்துவிட்டீர்கள். இதற்கு நீங்கள் தர முன்வந்த 10 யூரோ கூப்பனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். திருப்பி அனுப்ப நீங்கள் தந்த லேபிள் பார்சல் கடையில் ஸ்கேன் ஆகவில்லை. அதைச் சொன்னதும், பிராங்பர்ட் பக்கத்தில் இருக்கிற உங்கள் கிடங்குக்கே நேரில் கொண்டு போனால் கவுண்ட்டரில் கையோடு மாற்றித் தருவார்கள் என்றார் ஒருவர். அரை நாள் லீவு போட்டு, ரயில் ஏறி, பஸ் மாறி, நடைபாதையே இல்லாத சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து போனேன். கேட்டில் இருந்த காவலர், இங்கே கவுண்ட்டரே கிடையாது, வாடிக்கையாளர் யாரும் வருவதில்லை என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே போன் போட்டும் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. தட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தேன். இல்லாத கவுண்ட்டருக்கு ஒரு மனிதரை அனுப்புவது என்ன நியாயம்?

கடைசியாக வந்த மின்னஞ்சலில், உறை பிரித்த இசைத்தட்டைத் திரும்ப எடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பிரிக்கவே இல்லை, படம் இணைத்திருக்கிறேன். பிரித்திருந்தாலும் அந்த விதி இங்கே பொருந்தாது. மனம் மாறித் திருப்பித் தருபவர்களுக்கான விதி அது. நீங்கள் அனுப்பியது தவறான பொருள். ஜெர்மன் சிவில் சட்டத்தின் 439-ஆம் பிரிவுப்படி சரியான பொருளைத் தர வேண்டியதும் அதற்கான போக்குவரத்துச் செலவை ஏற்க வேண்டியதும் விற்றவர் பொறுப்பு. இதை உங்கள் சட்டப் பிரிவைக் கேட்டால் சொல்வார்கள்.

உங்களிடம் ஏற்கெனவே நிறைய வாங்கியிருக்கிறேன், சண்டை போடும் ஆசை எனக்கு இல்லை. அந்த 1995 பிரதி உங்கள் கிடங்கில் எங்கேயாவது இருக்கும், தயவுசெய்து தேடி அனுப்புங்கள். வேறு யாருக்காவது விற்றுவிட்டீர்கள் என்றால் 140 யூரோவையும் ரயில், பஸ் கட்டணத்தையும் என் கணக்கில் போடுங்கள். தவறாக வந்த தட்டை உங்கள் செலவில் ஆள் அனுப்பி என் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இனி நான் அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போவதாக இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போன் வேண்டாம். வராவிட்டால் மாநில நுகர்வோர் மையத்தில் புகார் கொடுப்பேன், கார்டு நிறுவனத்திடமும் பணத்தைத் திரும்பக் கேட்பேன். அதற்கும் அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஹைடல்பெர்க்

இணைப்பு: பில் நகல், பெட்டியில் இருந்த சீட்டு, பிரிக்காத தட்டின் படங்கள், ரயில் மற்றும் பஸ் டிக்கெட்டுகள்